வெங்காயத்தோல் நிறத்தில் ஓர் அரக்குச் சேலை

ஜூலை 14, திங்கள்

இந்த டைரி கடையில் கொடுத்தது. ஜனவரியில் கஸ்டமர்களுக்குக் கொடுக்க அச்சடித்ததில் மிஞ்சிப் போனது. பாதி வருஷம் வீணாகப் போனாலும் மீதிப் பாதி சும்மாதானே கிடக்கிறது என்று எடுத்து வந்தேன். எழுதுவதற்கு விஷயமும் இன்றைக்குத்தான் கிடைத்திருக்கிறது.

இளம்பிள்ளையில் தடுக்கி விழுந்தால் சேலைக் கடையில்தான் விழவேண்டும். அப்படி ஒரு கடை கோகிலவாணி அக்காவுடையது. இரண்டு வருஷமாக நான் அங்கே பார்சல் கட்டுகிறேன். லைவில் சேலை கட்டிக் காட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கல்யாணமாகிப் போய்விட்டது. ஆடி பிறக்க இன்னும் மூன்று நாள்தான். ஆடித் தள்ளுபடிதான் எங்களுக்குத் தீபாவளி. அக்கா கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யமுனா, நீ உயரமா இருக்க. நீயே கட்டிக்கிட்டு நில்லு" என்றார். உயரத்தைத் தவிர வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை.

ஃபோனை ஸ்டாண்டில் மாட்டி, வட்ட விளக்கைப் போட்டு, நானே பட்டனைத் தட்டிவிட்டு ஓடிப் போய் நின்றேன். அக்கா எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, இன்னொரு ஃபோனில் யார் எந்தச் சேலை கேட்கிறார்கள் என்று பார்த்து எழுதிக்கொண்டார். திரையின் மூலையில் 812 என்று காட்டியது. எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர்! நான் படித்த பள்ளிக்கூடத்தில் மொத்தமே அறுநூறு பேர். தூத்துக்குடியிலிருந்து ஒருத்தர், கோலாலம்பூரிலிருந்து ஒருத்தர். இத்தனை பேர் கண் ஒரே நேரத்தில் ஒருத்தி மேல் விழுமா என்று இப்போது எழுதும்போதும் நம்ப முடியவில்லை.

ஜூலை 16, புதன்

கமெண்ட் படிக்காதே என்று அக்கா சொன்னார். படிக்காமல் இருக்க நான் என்ன சாமியாரா?

"சேலை சூப்பர். கட்டியிருப்பவர் மேல் கொஞ்சம் லைட் போட்டுக் காட்டவும்." "பழைய பொண்ணு எங்கே?" "பொம்மைக்கே கட்டிவிடலாமே." ஒருத்தர் ஒன்றும் எழுதவில்லை, சிரிக்கிற பொம்மை முகங்களை மட்டும் வரிசையாகப் போட்டிருந்தார்.

நான் எண்ணவில்லை. பதினொன்று.

ஒன்று சொல்லவேண்டும். இத்தனை வருஷமாக நான் கறுப்பு என்பது எனக்குத் தெரியும். கன்னத்தில் பரு வந்து போன குழிகளும் தெரியும். தெரிந்த விஷயத்தையே முகம் தெரியாத ஒருத்தர் சொன்னால் வயிற்றில் ஏன் கல் விழுகிறது என்பதுதான் தெரியவில்லை.

ஜூலை 17, வியாழன். ஆடி 1

அக்கா சாப்பிடப் போன நேரம். லைவ் போடும் திரையில் ஓரமாக நட்சத்திரம் மாதிரி ஒரு குறி இருந்தது. தட்டினேன். குட்டிக் குட்டி வட்டங்கள் வந்தன. ஒன்றைத் தட்டினேன்.

யாரோ ஒருத்தி வந்து நின்றுவிட்டாள் என்று திரும்பிப் பார்த்தேன். கடையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

கன்னத்துக் குழிகள் இல்லை. கண் பெரிதாகி இருந்தது. மூக்கு கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. நிறம், காய்ச்சின பாலில் நாலு சொட்டு டிக்காஷன் விட்டதுபோல. ஆனால் அது நான்தான். அம்மாவின் வாய், அப்பாவின் புருவம், எல்லாம் இருக்கின்றன. நான் சிரித்தால் அவளும் சிரித்தாள். கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்தேன். விரலுக்குக் குழி தட்டுகிறது, திரையில் வழவழவென்று இருக்கிறது. அரை மணி நேரம் அப்படியே நின்றிருந்தேன். அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டதும் எடுத்துவிட்டேன்.

ஜூலை 19, சனி

இன்றைக்கு அந்த வட்டத்தைத் தட்டிவிட்டு லைவ் போட்டேன்.

இரண்டாயிரத்து நூறு பேர். "புதுப் பொண்ணா? அழகு." "அக்கா உங்க ஸ்கின்னுக்கு என்ன போடறீங்க?" எனக்குப் போய் இந்தக் கேள்வி! லைஃபாய் என்று சொல்லவா முடியும்? கடலை மாவு என்று சொன்னேன். ஐம்பது பேர் அதற்கு இதயம் போட்டார்கள்.

அக்காவின் கண் எழுத்தில் மட்டும்தான். பேர், ஊர், சேலை நம்பர். படத்தை அவர் பார்ப்பதே இல்லை. சேலைதான் எதிரிலேயே இருக்கிறதே. ஒரு தடவை நிமிர்ந்து, "இன்னைக்கு வெளிச்சம் நல்லா விழுகுது" என்றார், அவ்வளவுதான்.

கடைசியாக அரக்கு கட்டினேன். அடர்த்தியான, காய்ந்த ரத்தம்போன்ற அரக்கு. திரையில் சேலையும் என்னோடு சேர்ந்து கொஞ்சம் வெளுத்த மாதிரி, வெங்காயத்தோல் கலரில் இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்றைக்கு அதிகமாகப் போனது.

ஜூலை 21, திங்கள்

மூவாயிரம்.

ஜூலை 24, வியாழன்

தங்கச்சி தர்ஷினி ப்ளஸ் டூ படிக்கிறாள். எனக்கு ஐந்து வயது இளையவள், என் நிறம்தான் அவளுக்கும். அவள் ஃபோன் திரையில் என் படம்! லைவிலிருந்து எடுத்தது. வகுப்பில் எல்லோருக்கும் "எங்க அக்கா" என்று காட்டியிருக்கிறாள். ஒருத்தி நம்பவில்லையாம், சத்தியம் பண்ணியிருக்கிறாள். என்னைப் பார்த்துப் பெருமைப்பட ஒரு ஆள்!

எங்கள் வீட்டுக் கண்ணாடியில் ரசம் போய்விட்டது. வேறு வாங்கவேண்டும். அதில் பார்த்தால் முகம் நன்றாகத் தெரிவதில்லை.

ஜூலை 28, திங்கள்

நான்கு பார்சல் திரும்பி வந்தது. எல்லாமே அரக்கு. ஒரு அம்மா சீட்டே எழுதி வைத்திருந்தார்: "மகள் வளைகாப்புக்கு வெங்காயக் கலர் என்று வாங்கினேன். வேறு கலர் அனுப்பியிருக்கிறீர்கள்."

அக்கா சேலையைப் பிரித்து வாசலில் வெயிலில் பிடித்துப் பார்த்தார். அரக்கு அரக்காகத்தான் இருந்தது. சேலை நம்பரும் சரி. அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கும்தான்.

ஜூலை 30, புதன்

இன்றைக்கு ஒன்பது. அரக்கு, காப்பிப்பொடி, மயில்கழுத்து. எல்லாவற்றிலும் ஒரே புகார், பார்த்த கலர் வேறு வந்த கலர் வேறு.

அக்கா குப்புராஜ் அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் தறிகளுக்கு நூலுக்குச் சாயம் போடுகிறவர் அவர்தான். முப்பத்தைந்து வயசு இருக்கும். முழங்கை வரைக்கும் எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருப்பார். அவர் கையைப் பார்த்தே அந்த வாரம் என்ன சேலை வரும் என்று நாங்கள் பந்தயம் கட்டுவோம். அளந்து போடுகிற ஆள் இல்லை. கொதிக்கிற தொட்டியை ஒரு பார்வை பார்ப்பார், "இன்னும் ஒரு சிட்டிகை சிவப்பு" என்பார். பத்து வருஷமாக ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. ஒரு சேலைக்கும் இன்னொரு சேலைக்கும் நடுவில் அவர் அரக்கு மாறியதே இல்லை. அந்தக் கண்ணை நினைத்தால் எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

திரும்பி வந்த சேலைகளை அக்கா அவர் முன்னால் அடுக்கினார். கத்தவில்லை. "கலர் மாறலன்னு நீயும் சொல்ற, நானும் சொல்றேன். வாங்கினவங்க இத்தனை பேரும் வேறன்னு சொல்றாங்களே, குப்புராஜ்" என்றார். அவர் ஒவ்வொரு முந்தானையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போர் தண்ணீர் மாறியிருக்கலாம், மாற்றிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் பார்சலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரே பார்சலுக்கு மூன்று தடவை ஒட்டியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

தர்ஷினி ஸ்கூலில் பெற்றோர் கூட்டம். அம்மாவுக்குத் தறியில் ஷிஃப்டு. வழக்கமாக நான்தான் போவேன். இன்றைக்குப் போகவில்லை. தலைவலி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பெருக்கு

கடை லீவு. அம்மா சித்ரான்னம் கிளறினாள். தர்ஷினி புது மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டாள்.

நல்ல நாளும் அதுவுமாகக் குப்புராஜ் அண்ணன் வீட்டுப் பக்கம் போனேன். சும்மாதான். சாயப்பட்டறையில் இருந்தார். லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றிப் புதிதாக அரக்கு போட்டுப் பார்த்திருக்கிறார். கொடியில் பதினாறு சிட்டம், அதாவது நூல் கத்தை, தொங்கியது. பதினாறும் ஒரே அரக்கு. எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அவர் ஒவ்வொன்றாகத் தொட்டு, "இதுவா யமுனா? இல்லாட்டி இதுவா? எது வெங்காயக் கலர் மாதிரித் தெரியுது, நீயாவது சொல்லு" என்று கேட்டார்.

எதுவும் இல்லை அண்ணா என்றேன். அவர் அதை நம்பவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

குப்புராஜ் அண்ணன் நேற்று சேலத்துக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்த்திருக்கிறார்.

அக்காவிடம் வந்து சொன்னார். ஏதோ புள்ளி புள்ளியாக இருக்கிற படங்களைக் காட்டி, நடுவில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்களாம். எல்லாமே சரியாகச் சொல்லியிருக்கிறார். கண்ணில் ஒரு குறையும் இல்லையாம்.

அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன். "கண்ணு சுத்தமா இருக்குங்கறாரு டாக்டர். அப்ப புத்திதான் கெட்டிருக்கணும் அக்கா. அடர்த்திக் கலரை இனி வேற யாருகிட்டயாச்சும் குடுத்துருங்க. எனக்குப் பார்க்க பயமா இருக்கு."

பத்து வருஷமாகத் தொட்டியை ஒரு பார்வை பார்க்கிற மனுஷன்.

வீட்டுக்கு வந்து இந்த டைரியைத் திருப்பினேன். நிஜமாகவே எனக்குத் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் திருப்பினேன். ஜூலை பத்தொன்பது. என் கையெழுத்துதான். "சேலையும் என்னோடு சேர்ந்து கொஞ்சம் வெளுத்த மாதிரி, வெங்காயத்தோல் கலரில் இருந்தது. நன்றாகத்தான் இருந்தது."

தெரிந்திருக்கிறது. முதல் நாளே தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

உண்மையை எழுதுகிறேன். ஒன்றாம் தேதி எனக்குத் தலைவலி இல்லை. தர்ஷினிதான் வரவேண்டாம் என்றாள். காலையில் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்: "என் ஃப்ரெண்ட்ஸுக்கு உன்னை அடையாளம் தெரியாதுக்கா." அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எனக்கே என்னை அடையாளம் வேண்டாம் என்றுதானே வட்டத்தைத் தட்டினேன். அன்று முழுக்க அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

இன்று கடை திறந்ததும் அக்காவிடம் ஃபோனைக் கொடுத்தேன். அரக்குச் சேலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே நின்றேன். நட்சத்திரக் குறியைத் தட்டச் சொன்னேன். வட்டத்தைத் தட்டச் சொன்னேன். அக்கா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். சேலை அவர் கண் முன்னாலேயே வெங்காயத்தோலாக மாறியிருந்தது.

அவர் அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

"அவன் கண்ணு டாக்டர்கிட்டப் போயிட்டு வந்தப்பவும் நீ இங்கதான் நின்னுக்கிட்டிருந்த" என்றார்.

ஆமாம் என்றேன்.

குப்புராஜ் அண்ணனை வரச் சொல்லி நானே அவரிடம் சொல்லவேண்டும் என்றார். சொன்னேன். அவருக்கு முதலில் புரியவே இல்லை. ஃபோனில் காட்டியதும் புரிந்தது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு வாரமா எனக்குத் தூக்கம் இல்லம்மா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

நாளைக்கு லைவில் இதை நானே சொல்லவேண்டும் என்பது அக்காவின் தீர்ப்பு. வாங்கினவர்கள் எல்லோரையும் பார்க்கச் சொல்லி மெசேஜ் அனுப்பிவிட்டார். அதோடு என்னை நிறுத்திவிடுவாரா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. வேலை போனால் போகட்டும். அந்த மூவாயிரம் பேர் முன்னால் என் மூஞ்சியோடு நிற்பதுதான் பயம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

எதையும் விடாமல் எழுதப் பார்க்கிறேன்.

காலை பதினோரு மணி. அரக்கு கட்டினேன். பவுடர்கூடப் போடவில்லை, போட்டால் அதுவும் ஒரு வட்டம் மாதிரித் தோன்றியது. குப்புராஜ் அண்ணன் ஈர நூல் சிட்டம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு கேமராவுக்கு வெளியே நின்றார். அக்கா இன்று ஸ்டூலில் உட்காரவில்லை.

முதலில் வட்டத்தோடுதான் ஆரம்பித்தேன். வழக்கமான முகம். 2,900, 3,200, 3,600. "வந்துட்டாங்க அழகி." அப்போது சொன்னேன். மனப்பாடம் பண்ணி வைத்ததெல்லாம் ஓடிப் போய்விட்டது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "இது என் மூஞ்சி இல்லீங்க. இது இந்தச் சேலையோட கலரும் இல்லீங்க. ரெண்டையும் நான்தான் வெளுத்துக் காட்டினேன். சாயத்து மேல ஒரு தப்பும் இல்ல. இப்ப எடுத்துடறேன், பாருங்க."

ஃபோன் பக்கம் போய்க் கையை நீட்டினேன். அந்த ஒரு விரல் தூரம் இருக்கிறதே, சேலத்துக்கு நடந்து போகலாம் போல இருந்தது. தட்டினேன்.

எடுத்ததும் நான் பார்த்தது என் முகத்தை அல்ல. சத்தியமாகச் சொல்கிறேன், சேலையைத்தான் பார்த்தேன். மூன்று வாரமாகத் திரையில் அந்தச் சேலையை நான் பார்த்ததே இல்லை. அப்படி ஒரு அரக்கு! ஓரத்தில் கறுப்பாக இறங்கி, மடிப்பில் சிவப்பாக ஏறி, நான் மூச்சு விட்டால் அதுவும் அசைகிறது. அந்த ஆழம் எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் என் கழுத்தில் வந்து நிற்கிறது. என் நிறத்துக்கு மேலே அது எரிகிறது. வெளுத்த கழுத்தில் அது செத்துக் கிடந்திருக்கிறது. பிறகுதான் மேலே முகத்தைப் பார்த்தேன். குழிகள் இருந்தன. நெற்றியில் வேர்வை இருந்தது. இந்தச் சேலையை இவ்வளவு நேரம் தாங்கி நின்றது இந்த முகம்தானா என்று ஒரு மலைப்பு வந்தது. அழகா இல்லையா என்ற கேள்வி அந்த நேரத்தில் எனக்குள் எழவே இல்லை. எனக்கு நினைவு தெரிந்து அது எழாமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

கமெண்ட் நின்றுவிட்டது. எப்போதும் மழைபோல் ஓடுகிற திரை சும்மா இருந்தது. மூவாயிரத்து அறுநூறு பேர் வாயடைத்து நின்றால் அப்படித்தான் இருக்கும்போல. குப்புராஜ் அண்ணன் கேமராவுக்குள் வந்தார். சொல்லி வைத்தது இல்லை, அவராகவே வந்தார். சிட்டத்தை என் தோளில் சேலையோடு சேர்த்து வைத்தார். திரையைப் பார்த்தார், சிட்டத்தைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். நூல் எங்கே முடிகிறது சேலை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என் கண்ணு சரியாத்தான் இருந்திருக்கு" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சிட்டத்தை என் தோளிலேயே விட்டுவிட்டு வெளியே போனார். ஈரம் இறங்கி என் ஜாக்கெட்டெல்லாம் அரக்கு.

பிறகு மழை வந்தது. "ஃப்ராடு." "அதானே பார்த்தேன்." நானூறு பேருக்கு மேல் எழுந்து போனார்கள். "தைரியம்மா உனக்கு." "அந்த அரக்கு இன்னும் இருக்கா?" வளைகாப்புச் சேலையைத் திருப்பி அனுப்பிய அம்மாவும் எழுதினார், இப்போது புரிகிறது, எனக்கு அதையே திருப்பி அனுப்புங்கள் என்று. அதோடு குறைந்தது முப்பது பெண்கள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "அக்கா, அந்த ஃபில்டர் பேர் என்ன?"

அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. பதினேழாம் தேதி தனியாக அரை மணி நேரம் நின்றவள் இன்னும் முப்பது வீட்டில் நின்றுகொண்டிருக்கிறாள். நான் பேரைச் சொல்லவில்லை.

முடிந்ததும் அக்கா ஸ்டாண்டை மடித்தார். நாளைக்கு வரவா என்று கேட்டேன். "காப்பிப்பொடிக் கலர் பன்னெண்டு இருக்கு. நீ வராட்டி யாரு கட்டுவா?" என்றார். முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது.

ஆகஸ்ட் 9, சனி

1,100 பேர். "லைட் போடவும்" மறுபடி வந்துவிட்டது. வயிற்றில் கல் விழத்தான் செய்தது. ஆனால் சின்னக் கல்.

குப்புராஜ் அண்ணன் கை இன்று காப்பிப்பொடிக் கலர். என்னைப் பார்த்துப் பேசவில்லை. ஆனால் தொட்டியை ஒரே ஒரு பார்வைதான் பார்த்தாராம், அக்கா சொன்னார்.

ஆகஸ்ட் 13, புதன்

தர்ஷினி ஒரு வாரமாக என்னிடம் சரியாகப் பேசவில்லை. வகுப்பில் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவள் ஃபோன் திரையில் என் படம் இல்லை, ஏதோ பூ இருக்கிறது. அதைப் பார்த்தபோது வலித்தது.

இன்று சாயங்காலம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவளும் ஒன்றை எடுத்தாள். நாளை மறுநாள் சுதந்திர தினத்துக்கு ஸ்கூலில் பேசப் போகிறாளாம். வீட்டிலிருந்து ஒருத்தர் வரலாமாம். அம்மாவுக்கு ஷிஃப்டு என்றாள். தெரியும் என்றேன்.

அடுத்த வெங்காயத்தையும் உரித்து முடித்தாள். தோலை விரலில் சுற்றிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

"லைவ்ல கட்டினியே, அந்த அரக்கு. அதையே கட்டிக்கிட்டு வாக்கா. அப்பத்தான் என் ஃப்ரெண்ட்ஸுக்கு உன்னை அடையாளம் தெரியும்."